ஒரே ஒரு செடி, எனக்கு மட்டும்தான் சார்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டது: "சார், ஆள்கிட்ட வாங்குறதை நிறுத்தலாம்னு இருக்கேன். ரூமுக்குள்ளயே லைட் போட்டு ஒரு செடி வளர்க்கப் போறேன். ஒரே ஒரு செடி. எனக்கு மட்டும்தான். யாருக்கும் விக்க மாட்டேன். கலப்படம் இருக்காது, போலீஸ் பயம் இருக்காது. டாக்டரா சொல்லுங்க, இது பெட்டர்தானே?"

பெரம்பலூர் பக்கம் ஒரு ஊர். அதுக்கு மேல அடையாளம் வேண்டாம்.

"வேண்டாம் தம்பி"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். ஆனா இந்தக் கேள்வியை இப்போ அடிக்கடி கேக்குறேன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம்னு எல்லாப் பக்கமும் பசங்க கையில ஒரே ரீல்ஸ்தான் ஓடுது. "முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு", "அலமாரிக்குள்ள தோட்டம்"னு வெளிநாட்டுக்காரன் போடுற வீடியோவுக்குக் கீழ நம்ம பசங்க தமிழ்ல சந்தேகம் கேக்குறாங்க. அதனால இந்த த்ரெட். நீளமா போகும். வீட்டுல 15ல இருந்து 25 வயசுக்குள்ள பிள்ளை இருந்தா முழுசா படிங்க.

முதல்ல எங்க பக்கத்துத் தப்பைச் சொல்லிடறேன். பள்ளிக்கூடத்துல, காலேஜ்ல விழிப்புணர்வுன்னு போய் நாம என்ன பேசுறோம்? "ஒரு தடவை இழுத்தா பைத்தியம் பிடிச்சிடும், வாழ்க்கை முடிஞ்சிடும்." கீழ உக்காந்திருக்கிற பையன் ஏற்கெனவே ரெண்டு தடவை இழுத்தவன். அவனுக்குப் பைத்தியம் பிடிக்கல. அந்த நிமிஷமே நம்ம மேல இருந்த நம்பிக்கை போச்சு. அடுத்து நாம சொல்ற உண்மையும் அவன் காதுல ஏறாது. நாம காலி பண்ணின இடத்துலதான் ரீல்ஸ்காரன் வந்து உக்காந்துட்டான்.

அதனால உண்மையை உண்மையாவே சொல்றேன். கஞ்சா புகைச்ச எல்லாரும் அடிமையாகிறதில்ல. பயன்படுத்துறவங்கள்ல சுமார் 9 சதவீதம் பேர் அடிமை நிலைக்குப் போறாங்கன்னு ஆய்வுகள் சொல்லுது. டீன் ஏஜ்ல ஆரம்பிச்சா அது ஏறக்குறைய ஆறுல ஒருத்தர். அளவு கூடிப்போய் அதனாலேயே உயிர் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல மெத்தனால் சாராயம் 60 பேருக்கு மேல கொன்னுச்சு. அந்த மாதிரிக் கொலை கஞ்சா பண்ணாது. இந்தச் செடியில இருக்கிற சிபிடிங்கிற பொருளை, குழந்தைகளுக்கு வர்ற ரெண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தா 2018ல அமெரிக்கா அனுமதிச்சது. இதெல்லாம் உண்மை. டாக்டர் மறைக்கிறார்னு யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போ மிச்சத்தையும் கேளுங்க.

"எனக்கு மட்டும்" கதை எங்க போய் முடியும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 2023 ஜூன்ல கர்நாடகா ஷிவமொக்காவுல ஒரு வாடகை வீட்டுக்குள்ள கஞ்சா வளர்த்ததா போலீஸ் சில பேரைக் கைது பண்ணுச்சு. அதுல இருந்தவங்க மருத்துவ மாணவர்கள். அதுலயும் ரெண்டு பேர் நம்ம தமிழ்நாட்டுப் பசங்க, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம். வளர்த்து வித்தாங்கங்கிறது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. அது உண்மையா இல்லையான்னு கோர்ட் சொல்லட்டும். எனக்கு உறுத்துறது வேற. டாக்டராகப் போன பசங்க. இந்தச் செடி மூளையில என்ன பண்ணும்னு பார்மகாலஜி புத்தகத்துல படிச்சவங்க. அவங்க பேரே இப்படி ஒரு எஃப்ஐஆர்ல வருதுன்னா, யூடியூப் மட்டும் பார்த்தவன் எம்மாத்திரம்?

2024 நவம்பர்ல பெங்களூர்ல இன்னொண்ணு. ஒரு தம்பதி பால்கனித் தொட்டியில செடி வளர்த்தாங்க. அந்த அம்மா அதைப் போட்டோ, வீடியோ எடுத்து பேஸ்புக்ல போட, பார்த்த யாரோ போலீசுக்குத் தகவல் சொல்லிட்டாங்க. பிடிபட்டது சில பத்து கிராம்தான். சிரிப்பு வருது இல்ல? அவங்களுக்கு வந்திருக்காது.

சட்டத்துக்கு வருவோம். இங்கதான் ரீல்ஸ்காரன் பாதி உண்மை சொல்லி முழுசா ஏமாத்துறான்.

"விதை சட்டப்படி கஞ்சாவே இல்ல ப்ரோ, இலையும் இல்ல." ஆமா. 1985ம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்துல, என்டிபிஎஸ்னு சொல்வாங்களே அதுல, கஞ்சான்னா பூ, காய் வந்த நுனிப் பகுதி. அதோட சேராத தனி விதையும் இலையும் அந்த வரையறைக்குள்ள வராது. ஆனா அதே சட்டம் 8வது பிரிவுல கஞ்சா செடி வளர்க்கிறதையே தனியா தடை பண்ணுது. விதை மண்ணுக்குள்ள போன நிமிஷம் வரையறை வாதம் முடிஞ்சுது.

தண்டனையைப் பாருங்க. 1 கிலோ வரைக்கும் கஞ்சா வெச்சிருந்தா "சிறிய அளவு". அதிகபட்சம் 1 வருஷம் சிறை, இல்லன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். செடி வளர்த்தா 20வது பிரிவுல 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். இதுக்குச் சிறிய அளவு, பெரிய அளவுங்கிற கணக்கே கிடையாது. ஒரு செடியும் செடிதான்.

திரும்பப் படிங்க. பொட்டலத்துக்கு 1 வருஷம். தொட்டிக்கு 10 வருஷம். போலீஸ் பயம் போகணும்னு இந்தத் தம்பி செய்யப் போற காரியம், அவன் மேல விழக்கூடிய தண்டனையைப் பத்து மடங்கு ஆக்குது.

இதுல டாக்டரா என்னை அதிகம் வருத்துற இடம் ஒண்ணு இருக்கு. அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு. போதைக்கு அடிமையான ஒருத்தர், சொந்தமா பயன்படுத்தினதுக்கோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்கோ வழக்குல மாட்டினா, அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இடத்துல தானா முன்வந்து சிகிச்சை எடுத்து முடிச்சா, வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. சட்டம் நோயாளிக்குத் திறந்து வெச்ச ஜன்னல் அது. செடி வளர்ப்புக்கு அளவுக் கணக்கே இல்லாததால, அந்த ஜன்னல் உனக்கும் திறக்கும்னு நம்பி இறங்காத தம்பி. ஆள்கிட்ட வாங்கிப் புகைச்சவனுக்காவது நான் சர்டிபிகேட்டோட நிக்க முடியும். தொட்டி வெச்சவனுக்கு நான் என்னத்தை எழுதிக் கொடுக்க?

இந்தச் சட்டம் நியாயமான்னு கேட்டா, ஒரு தொட்டிக்கு 10 வருஷம் வரைங்கிறது அதிகம்னுதான் என் கருத்து. மாத்தணும்னு பேசுறவங்களோட உக்காந்து பேசத் தயார். ஜெர்மனியில 2024 ஏப்ரல்ல இருந்து பெரியவங்க வீட்டுல 3 செடி வெச்சுக்கலாம். கனடா 2018லேயே வீட்டுக்கு 4 செடி அனுமதிச்சுது, அதுலயும் கியூபெக் மாகாணம் வீட்டுல வளர்க்கவே கூடாதுன்னு தடை போட, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2023ல அந்தத் தடை செல்லும்னு சொல்லிடுச்சு. தாய்லாந்து 2022ல மொத்தமா திறந்துவிட்டுட்டு 2025ல டாக்டர் சீட்டு இருந்தாதான்னு பின்வாங்கிடுச்சு. உலகம் இன்னும் தட்டுத்தடுமாறுது. ஆனா நீ இருக்கிறது பெர்லின்ல இல்ல. வேப்பந்தட்டையில.

இன்னொண்ணு, அம்மா அப்பாவுக்கு. வீட்டு உரிமையாளரோ குடியிருக்கிறவரோ தெரிஞ்சே குற்றத்துக்கு இடம் கொடுத்தா, அந்தக் குற்றத்துக்கு உள்ள அதே தண்டனை அவங்களுக்கும்னு 25வது பிரிவு சொல்லுது. "தெரிஞ்சே" முக்கியமான வார்த்தை. மகன் ரூம்ல ராத்திரி பகலா லைட் எரியுது, ஒரு மாதிரி வாசனை வருது, கேட்டா "காலேஜ் ப்ராஜெக்ட்"ங்கிறான், உள்ள எட்டிப் பார்த்து விஷயம் தெரிஞ்சும் சண்டை வேண்டாம்னு விட்டுட்டீங்க. பட்டா உங்க பேர்ல இருக்கு. யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது "இயற்கை, மூலிகை, சித்தர்களே பயன்படுத்தினாங்க" கோஷ்டி. அரளி விதையும் இயற்கைதான். அதை அரைச்சுக் குடிச்சுட்டு இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுற நிலையில தூக்கிட்டு வர்றவங்களை இந்தப் பக்கத்து டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். மருந்துச் சட்டத்தோட விதிகள்ல இ(1)னு ஒரு அட்டவணை இருக்கு. சித்த, ஆயுர்வேத மருந்துகள்ல சேரும் நச்சுப் பொருள்களோட பட்டியல். சித்த மருத்துவப் பகுதியில யார் யார் வரிசையில நிக்கிறாங்க தெரியுமா? அபினி, அரளி, ஊமத்தை, எட்டி, குன்றி, நேர்வாளம், கூடவே கஞ்சா. இதுல எதைச் சேர்த்தாலும் மருத்துவர் மேற்பார்வையில சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போடணும். சித்த மருத்துவம் இதைத் துளசி பக்கத்துல வைக்கல, எட்டிக்கொட்டை பக்கத்துல வெச்சிருக்கு. சித்தர் பேரைச் சொல்றவங்க சித்த வைத்தியர் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வந்து பேசுங்க.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான மருத்துவ விஷயம். மத்ததை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

கஞ்சாவுல போதை கொடுக்கிறது டிஎச்சி. 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெஷூலமும் யெஹியல் கவோனியும் பிரிச்சு எடுத்தாங்க. அந்தக் காலத்துச் செடி வேற, இப்போ இருக்கிறது வேற. அமெரிக்காவுல பிடிபட்ட கஞ்சாவுல டிஎச்சி 1995ல சுமார் 4 சதவீதம், 2014ல சுமார் 12 சதவீதம். ரூமுக்குள்ள வளர்க்கன்னு வெளிநாட்டுல விக்கிற விதை ரகங்களுக்கு விளம்பரமே "20க்கு மேல"ன்னுதான். வீரியம் கூடணும்னே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்த ரகங்கள். 1893–94ல பிரிட்டிஷ் அரசோட கஞ்சா கமிஷன் "அளவோட எடுத்தா பெரிய தீங்கு இல்ல"ன்னு சொன்னதை இன்னைக்கு எடுத்துப் போடுறாங்க. அளவு மீறினா கெடுதல்னும் அதே கமிஷன் சொன்னதைப் போட மாட்டாங்க. அந்தக் கமிஷன் இந்த ரகங்களைப் பார்த்ததும் இல்ல.

2019ல லான்செட் சைக்கியாட்ரியில வந்த ஆய்வு, ஐரோப்பாவும் பிரேசிலும் சேர்ந்து 11 இடங்கள்ல பண்ணினது. கஞ்சாவே தொடாதவங்களோட ஒப்பிட்டா, தினமும் எடுக்கிறவங்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வர்ற வாய்ப்பு சுமார் 3 மடங்கு. தினமும் எடுக்கிறது வீரியம் கூடின ரகமாவும் இருந்தா கிட்டத்தட்ட 5 மடங்கு. வீரியம் கூடினதுன்னு அவங்க வெச்ச கோடு டிஎச்சி 10 சதவீதம். அதுக்கு ரொம்ப முன்னாடி, 1987ல, ஸ்வீடன்ல ராணுவத்துக்கு ஆளெடுப்புல வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும், 50 தடவைக்கு மேல கஞ்சா எடுத்தவங்களுக்கு மனச்சிதைவு 6 மடங்கு அதிகமா இருந்துச்சு. சும்மா கணக்குக்காகச் சொல்லல. ரெண்டு வார்த்தையைப் பிடிச்சுக்கங்க: தினமும், வீரியம்.

ரூமுக்குள்ள செடி வளர்க்கிறதுன்னா என்ன? அந்த ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்ற ஏற்பாடு.

வெளிய வாங்குறவனுக்குத் தடை இருக்கு. காசு வேணும், பைக்ல போகணும், ஆள் போன் எடுக்கணும், வழியில செக்போஸ்ட் பயம். அந்தத் தொல்லைதான் தினமும் எடுக்கிறதை வாரம் ஒரு தடவைன்னு நிறுத்தி வெச்சிருக்கு. அவன் கொல்லையில அதுவே காய்ச்சு நின்னா எது தடுக்கும்? மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் பார்த்த ஊருய்யா நம்மது. வெள்ளாமை வீட்டுக்கு வந்தா செலவு கூடும்னு நமக்குத் தெரியாதா? வெங்காயம் பட்டறையில இருக்கும்போது குழம்புல அள்ளிப் போடுவோம், கிலோ 100 ரூபாய்க்கு வாங்கும்போது எண்ணிப் போடுவோம். அவ்வளவுதான் விஷயம்.

அளவும் தெரியாது. மாத்திரை அட்டையில 500 மில்லிகிராம்னு போட்டிருக்கும். உன் தொட்டிச் செடியில எவ்வளவு டிஎச்சி இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கலப்படம் இல்லைங்கிறது சரி. கலப்படம் இல்லாத விஷயம் எவ்வளவு உள்ள போகுதுன்னு தெரியாததுதான் பிரச்சினை.

5 மடங்குன்னா எல்லாருக்கும் வரும்னு அர்த்தமில்ல. மனச்சிதைவு வாழ்நாள்ல நூத்துல ஒருத்தருக்கும் குறைவா வர்ற நோய். பெருக்கினாலும் பெரும்பாலானவங்க தப்பிச்சுடுவாங்க. ஆனா யார் தப்பிப்பாங்கன்னு முன்கூட்டிச் சொல்ல என்கிட்ட எந்த டெஸ்ட்டும் இல்ல. குடும்பத்துல மாமனுக்கோ சித்திக்கோ மனநோய் இருந்திருந்தா ஆபத்து கூடுதல். நம்ம வீடுகள்ல அதை எங்க சொல்றாங்க? "மாமா வடக்க போயிட்டாரு"ன்னு முடிச்சுடுவாங்க.

ஒரு பையனைப் பத்திச் சொல்லணும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். 15 வயசுல ஆரம்பம், 19ல தினமும். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போறவங்க. முதல்ல ராத்திரித் தூக்கம் போச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு டிவி தன்னைப் பத்திப் பேசுதுன்னான். ஜன்னலை தெர்மாகோல் வெச்சு அடைச்சான். அம்மா கொடுத்த சோத்துல ஏதோ கலந்திருக்குன்னு தட்டை வீசினான். வீட்டுல செய்வினைன்னு நினைச்சாங்க. தாயத்து, கோழி, அமாவாசை பூஜைன்னு எட்டு மாசம் ஓடிப்போச்சு. என்கிட்ட வந்தப்போ அந்த அம்மா கழுத்துல தாலிக்கயிறு மட்டும்தான் இருந்துச்சு.

"கஞ்சாவாலதான் வந்துச்சா சார்?"னு கேட்டாங்க. ஒரு தனி ஆளுக்கு அதை அடிச்சுச் சொல்ல முடியாதும்மான்னேன். தாய்மாமனுக்கும் இப்படி இருந்துச்சுன்னு அப்புறம்தான் மெதுவா சொன்னாங்க. பையன் இப்போ மாத்திரையில இருக்கான். ஜன்னல் திறந்திருக்கு. ஆனா முன்ன மாதிரி கணக்கு போட வரலைங்கிறான். ஒவ்வொரு தடவையும் மாத்திரையை எப்ப நிறுத்தலாம்னு கேக்குறான். ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம் தம்பி"ங்கிறேன்.

சின்னதா இன்னும் சில. தொடர்ந்து எடுக்கிற சில பேருக்கு அடக்க முடியாத வாந்தி வரும், வயித்து வலியோட. சுடுதண்ணியில குளிச்சா மட்டும் கொஞ்சம் அடங்கும். 2004ல ஆஸ்திரேலியாவுல முதல்முதலா விவரிச்ச நோய் இது. எண்டோஸ்கோபி ரெண்டு தடவை பண்ணி, அல்சர் மாத்திரையா முழுங்கிட்டு வருவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை சுடுதண்ணிக் குளியல்னு பையன் சொன்னா அந்தக் கேள்வியைக் கேளுங்கன்னு ஜூனியர்களுக்குச் சொல்றேன். மூடின ரூம்ல ஈரத்தோட காய வெக்கிற செடியில பூஞ்சை பிடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு அந்தப் புகை வழியா நுரையீரல் தொற்று வந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. பழைய டிபி தழும்பு உள்ளவங்க நம்ம ஊர்ல குறைச்சலா? வீட்டுல குழந்தை இருந்தா இன்னும் மோசம். கனடாவுல சட்டபூர்வமான பிறகு, கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தெரியாம சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்ற பொடிசுகள் எண்ணிக்கை கூடிப்போச்சு.

"யாருக்கும் விக்க மாட்டேன்"னு சொன்னியே தம்பி. செடி ஒண்ணுதான், விளைச்சல் ஒருத்தனோட நிக்காது. உன் ரூம்ல இருக்குன்னு ஒரே ஒரு கூட்டாளிக்குத் தெரிஞ்சா போதும். முதல்ல சும்மா கொடுப்ப. அப்புறம் கரண்ட் பில்லுக்குன்னு ஏதோ வாங்குவ. அதுக்கு வேற பேர் இருக்கு. அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதுவாங்க. அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம்னு இருக்கிறவனுக்கு, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஒரு எஃப்ஐஆர் போதும் வழியை மறிக்க.

பெற்றோருக்கு. ரூம்ல தொட்டியைப் பார்த்துட்டீங்கன்னா தெருவைக் கூட்டாதீங்க, அடிக்காதீங்க. மூடி மறைச்சுத் துணை போகவும் வேண்டாம். நம்பிக்கையான வக்கீல் ஒருத்தர்கிட்ட அன்னைக்கே பேசுங்க. மறுநாள் பையனைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட வாங்க. செடியைத் தூக்கினா மட்டும் பிரச்சினை தீராது. அது ஏன் தேவைப்பட்டுச்சுன்னு கேக்கணும். 2019ல வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்புப்படி கஞ்சா பிரச்சினைக்கு உதவி தேவைப்படுறவங்க இந்தியாவுல சுமார் 72 லட்சம் பேர். உங்க வீடு ஒண்ணும் அதிசயமில்ல, கூனிக் குறுக வேண்டியதில்ல.

அந்தத் தம்பிக்கு. உன் மெசேஜை மறுபடி படிச்சேன். நீ எழுதின முதல் விஷயம் "வாங்குறதை நிறுத்தலாம்னு இருக்கேன்". நான் அதைத்தான் பிடிச்சுக்கறேன். நிறுத்தினா முதல் வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எரிச்சலா வரும், கெட்ட கனவு வரும். ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். இதுக்குன்னு அனுமதிச்ச தனி மாத்திரை எதுவும் இல்ல, அதனால மாத்திரை கொடுத்துக் காசு பறிக்கிற இடத்துக்குப் போயிடாத. கவுன்சலிங் வேலை செய்யும், நானே பார்த்திருக்கேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல காசு வேண்டாம். நேர்ல வரக் கூச்சமா இருந்தா 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், ரெண்டும் இலவசம்.

விதை இன்னும் ஆர்டர் பண்ணலைன்னு சொன்ன. பண்ணாத. இந்த வாரத்துக்குள்ள ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணு, நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்பியிருக்கேன்.